குளக்கரையில் ஜீவகாருண்யம்

ஓர் உயிரை அறிந்துகொள்வதற்காக அந்த உயிரையே மாய்த்துவிடுவது தர்மத்துக்கு இசைந்ததுதானா என்ற வினாவை உலகத்தில் எந்த ஊரிலிருந்தும் கேட்கலாம். ஆயினும் வள்ளலார் அவதரித்த மருதூரையும், அவர் நெடுநாள் தங்கியிருந்த கருங்குழியையும், அணையா அடுப்பை மூட்டிய வடலூரையும், திருவறைக்குள் புகுந்த மேட்டுக்குப்பத்தையும் தன் எல்லைக்குள் கொண்டிருக்கும் கடலூர் ஜில்லாவிலிருந்து ஒருவன் இதைக் கேட்கும்போது, அந்த வினாவுக்குத் தனியானதொரு கனம் வந்துசேருகிறது. இதை நான் வெறும் தத்துவ விசாரமாக எழுப்பவில்லை. கோடை விடுமுறையில், சித்திரை முற்றி வைகாசி பிறக்கும் நாட்களில், மாணவர்களை வகுப்பறையிலிருந்து விடுவித்துக் குளக்கரைக்கு அழைத்துப்போய், நீரையும் நீரில் வாழ்வனவற்றையும் நேரில் கண்டு படிக்கச் செய்யும் பயிற்சியைச் சிரத்தையுள்ள ஆசிரியர்கள் நடத்துகிறார்களே, அந்தப் பயிற்சியின் நடுவே இந்த வினா தானாக எழுந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சிதம்பரத்துக்கு மேற்கே ஒரு கிராமத்துக் குளத்தில் அத்தகைய பயிற்சி நடந்தபோது உடனிருக்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியது. பொழுது புலரும் வேளையிலேயே மாணவர்கள் படித்துறையில் இறங்கி நீரின் வெப்பத்தை அளந்து குறித்துக்கொண்டார்கள். பிறகு, இருபது சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டத் தகட்டைக் கயிற்றில் கட்டி மெல்ல நீருக்குள் இறக்கினார்கள்; கறுப்பும் வெள்ளையுமாகக் கால் கால் பாகமாக வர்ணம் தீட்டிய அந்தத் தகடு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ, எந்த ஆழத்தில் மேலே இழுக்கும்போது மறுபடியும் தென்படுகிறதோ, அவ்விரண்டின் சராசரியே அந்த நீரின் தெளிவுக்கு அளவு. இந்தக் கருவிக்கு மூலமானவர் ஏஞ்சலோ செக்கி என்ற இயேசு சபைப் பாதிரியார். நட்சத்திரங்களின் ஒளியை ஆராய்ந்த வான நூலார். 1865-ல் போப்பாண்டவரின் கப்பலிலிருந்து மத்தியதரைக் கடலுக்குள் வெள்ளைத் தட்டுகளை இறக்கிச் சோதித்தவர். துறவு பூண்ட ஒருவர், மேலே வானத்தின் ஒளியையும் கீழே நீருக்குள் அந்த ஒளி புகும் எல்லையையும் ஒரே சிரத்தையோடு அளந்தார் என்பதை எண்ணும்போது, சமய வாழ்வும் விஞ்ஞானமும் ஒன்றுக்கொன்று பகை என்ற பேச்சு எவ்வளவு மேலோட்டமானது என்று தோன்றுகிறது.

அடுத்ததாக, மெல்லிய துணியினால் கூம்பு வடிவில் தைத்து, நுனியில் சிறு குப்பி பொருத்திய வலையை நீரில் இழுத்தார்கள். குப்பியில் சேர்ந்த நீரில் ஒரு சொட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோது, மீன் வளர்ப்போர் மொய்னா என்று சொல்லி விற்கிற தெள்ளுப்பூச்சி ஒன்று அங்கே இருந்தது. அதன் உடல் கண்ணாடியைப்போல ஊடு தெரிவது. தின்ற பாசி பச்சைக் கோடாக அதன் குடலில் வளைந்து கிடந்தது. முதுகுப் பக்கத்து அறையில் குஞ்சுகள் கண்வைத்துத் திரண்டிருந்தன. அவற்றுக்கும் சற்று மேலே, எண்ணுவதற்கு அவகாசமில்லாத வேகத்தில் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. முறைப்படி அடுத்துச் செய்ய வேண்டியது குப்பியில் ஃபார்மலின் ஊற்றுவதுதான். அந்தத் தருணத்தில், கண்ணைக் கருவியிலிருந்து எடுத்த ஒரு மாணவி, “சார், பாத்தாச்சு இல்ல, திருப்பிக் குளத்துலயே விட்டுடலாமா?” என்று கேட்டாள். அவள் ஆசிரியர் உடனே விடை சொல்லவில்லை. நானும் அன்று ஒன்றும் சொல்லவில்லை. பிற்பாடு யோசித்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திறந்தவெளியில் கோடைக்காலத்தில் இயற்கை நூல் கற்பிக்கும் வழக்கத்துக்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது, லூயி அகாசி என்ற பேராசிரியர் 1873-ஆம் வருஷத்துக் கோடையில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையை அடுத்த பெனிகீஸ் தீவில் தொடங்கிய பள்ளி. ஆண்களும் பெண்களுமாகக் கூடியிருந்த பள்ளி ஆசிரியர்களுக்கு நடுவே, தொடக்க நாளன்று, அவர் எல்லோரையும் மௌனமாகப் பிரார்த்திக்கும்படி கேட்டுக்கொண்டார். விட்டியர் என்ற கவி அதைப் பொருளாக வைத்துப் பாடலும் எழுதினார். டார்வினுடைய கொள்கையை அகாசி இறுதிவரை ஏற்கவில்லை. ஒவ்வொரு ஜீவ இனமும் படைப்போன் உள்ளத்தில் உதித்த ஓர் எண்ணம் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையை விஞ்ஞான உலகம் பின்னர் கைவிட்டது. உயிரைப் படிக்கத் தொடங்குமுன் வாயடைத்து நிற்க வேண்டும் என்ற அவருடைய உணர்ச்சியை மட்டும் நாம் கைவிட வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். அதே 1873-ல், அக்டோபர் மாதத்தில், மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடியேற்றி வள்ளலார் தம் பேருபதேசத்தைச் செய்தார். அந்த டிசம்பரில் அகாசி காலமானார். அடுத்த ஜனவரியில் வள்ளலார் திருவறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். ஒருவரைப் பற்றி மற்றவர் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. எனினும் கடலுக்கு அப்பால் மௌனப் பிரார்த்தனையோடு தொடங்கிய படிப்பு, இன்று வள்ளலாருடைய ஜில்லாவில் குளக்கரைக்கு வந்து சேர்ந்திருக்கும்போது, அந்தப் படிப்பு அவருடைய உபதேசத்துக்கு முன்னால் நின்று பதில் சொல்லியே ஆகவேண்டும்.

நம் முன்னோர் உயிர்களை வகைப்படுத்த அறியாதவர்கள் அல்லர். தொல்காப்பியத்து மரபியல், புலன்களின் எண்ணிக்கையைக் கொண்டு உயிர்களை ஆறு படிகளாக அடுக்குகிறது. புல்லும் மரமும் ஊறு ஒன்றையே அறிவன, நத்தையினம் அதனோடு சுவையையும் அறிவது, எறும்பும் கறையானும் மோப்பமும் உடையன, நண்டும் தும்பியும் பார்வையும் பெற்றன என்று அந்த அடுக்கு மேலே ஏறுகிறது. ஒரு கிராமத்துக் குளத்தின் கரையில் நின்று பார்த்தால் இந்தப் படிகள் யாவும் ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரியும்: அடியில் வேலம்பாசி, அதன்மேல் ஊரும் நத்தை, கரைச் சேற்றில் எறும்பும் நண்டும், நீர்மேல் பறக்கும் தும்பி, ஓரத்தில் அசையாமல் நிற்கும் மடையான், படித்துறையில் மனிதன். நத்தைக்கு மோப்பமும் உண்டு என்று இன்றைய நூல்கள் கூறும். அதனால் பழைய அடுக்கின் பெருமை குறைந்துவிடாது. எண்பத்து நான்கு லட்சம் யோனி பேதங்களில் பத்து லட்சம் நீர்வாழ்வனவற்றுக்கு உரியவை என்று நம் பெரியோர் கணக்கிட்டதையும், மாணிக்கவாசகர் தாம் எடுத்து இளைத்த பிறவிகளின் வரிசையில் புல்லையும் புழுவையும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொண்டதையும் இங்கே நினைக்க வேண்டும். நாம் இன்று கண்ணாடி வழியே காணும் அந்தத் தெள்ளுப்பூச்சி, சைவ மரபின்படி, என்றோ நாமாக இருந்தது அல்லது இனி நம்மைப்போல ஆகக்கூடியது.

ஆனால் நீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நிறைந்திருக்கின்றன என்பதை ஒரு சாஸ்திரமாகவே கொண்டு, அதற்கேற்ப அன்றாட ஒழுக்கத்தை அமைத்துக்கொண்டவர்கள் சமணர்கள். அவர்களுடைய பெரிய கல்விச்சாலை ஒன்று இன்றைய கடலூர் நகரத்திலேயே, திருப்பாதிரிப்புலியூரில் இருந்தது. திருநாவுக்கரசர் தருமசேனர் என்ற பெயரோடு அந்தப் பள்ளியில் தலைவராக விளங்கியதைப் பெரிய புராணம் கூறுகிறது. அதற்கும் முன்னால், சக ஆண்டு 380-ல், அதாவது கி.பி. 458-ல், சர்வநந்தி என்னும் முனிவர் லோகவிபாகம் என்ற உலக அமைப்பு நூலைப் பாடலிகை என்னும் ஊரில் எழுதினார் என்று அந்நூலின் பிற்கால வடிவம் குறிக்கிறது. அந்தப் பாடலிகை திருப்பாதிரிப்புலியூரே என்று ஆராய்ச்சியாளர் கொள்வர். சமணர்கள் தண்ணீரைத் துணியில் வடிகட்டியே பயன்படுத்துவார்கள் என்பது எல்லோரும் அறிந்த செய்தி. அதோடு சேர்ந்த மற்றொரு விதியைப் பலர் அறியமாட்டார்கள்: வடிகட்டிய துணியில் தங்கியதை உதறி எறிந்துவிடக் கூடாது, எந்த நீரிலிருந்து எடுத்ததோ, அந்த நீரிலேயே அதைத் திரும்பச் சேர்க்க வேண்டும். வேறு கிணற்றில், வேறு குளத்தில் விட்டால் அந்த உயிர்கள் பிழையா என்பது அவர்கள் கருத்து.

இந்த விதியின் நுட்பத்தை நினைக்க நினைக்க எனக்கு வியப்பாயிருக்கிறது. ஒவ்வொரு நீர்நிலைக்கும் அதற்கே உரிய உப்பும் வெப்பமும் உயிர்க்கூட்டமும் உண்டு என்பதையும், ஓரிடத்து உயிரை மற்றோரிடத்தில் கொண்டுபோய் விடுவது அதற்கும் கேடு, அங்கே ஏற்கெனவே வாழ்வனவற்றுக்கும் கேடு என்பதையும் விஞ்ஞானம் அண்மைக் காலத்தில்தான், அதுவும் நஷ்டப்பட்டபின், உணர்ந்துகொண்டது. அலங்காரத்துக்காகக் கொண்டுவந்த ஆகாயத்தாமரை நம் ஏரிகளை மூடியதும், உணவுக்காகக் கொண்டுவந்த ஜிலேபிக் கெண்டை நாட்டுக் கெண்டைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டதும் அந்த நஷ்டத்தில் சேர்ந்தவை. அகிம்சையை மாத்திரம் கருதி வகுத்த ஒரு விதி, நுண்ணோக்கி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே, சரியான முடிவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கருணை கண்ணை மறைக்கும் என்று சொல்வார்கள். இங்கே கருணைதான் கண்ணாக இருந்திருக்கிறது.

இனி வள்ளலாரிடம் வருவோம். ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற உரைநடை நூலில், பிற உயிர்கள் படும் துன்பத்தைக் கண்டபோதும் கேட்டபோதும் அறிந்தபோதும் ஆன்மாவில் உண்டாகும் உருக்கத்தையே அவர் காருண்யத்துக்கு அடிப்படையாகக் கொள்கிறார். அந்த உருக்கம் சிலருக்கு ஏன் உண்டாவதில்லை என்ற கேள்விக்கு அவர் சொல்லும் சமாதானம் ஆழ்ந்து கவனிக்கத் தக்கது: ஆன்ம அறிவாகிய கண் அஞ்ஞானமாகிய காசத்தினால் ஒளி மழுங்கியிருப்பதோடு, அந்தக் கண்ணுக்கு உதவவேண்டிய மனம் முதலிய கண்ணாடிகளும் தெளிவின்றித் தடித்துப்போயிருக்கின்றன என்கிறார். ஆகவே காருண்யத்துக்குத் தடை கல்நெஞ்சம் மட்டுமன்று, காணாமையும் ஒரு தடை. காணாத உயிருக்காக எவனும் உருக முடியாது. துடிக்கிற அந்த இதயத்தைத் தன் கண்ணாலேயே பார்த்த மாணவிக்குத்தான், அதைத் திரும்ப விடலாமா என்று கேட்கத் தோன்றிற்று. பார்க்குமுன் அவளுக்கும் நமக்கும் அது வெறும் குளத்துத் தண்ணீர். இந்தக் காரணத்தால், குளத்தைப் படிக்கும் கோடைப் பயிற்சியை ஜீவகாருண்யத்துக்கு விரோதமானதாக நான் கருதவில்லை. அதற்கு வேண்டிய கண்ணைத் துடைத்துக் கொடுப்பதாகவே கருதுகிறேன்.

அறிவு சேராத காருண்யம் தவறிப்போவதற்கு நம் கோயில் குளங்களே சாட்சி. மீனுக்குப் பொரி போடுவது புண்ணியம் என்று நாம் நம்புகிறோம்; குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கும் முதல் தர்மங்களில் அதுவும் ஒன்று. கைப்பிடிப் பொரி தவறில்லை. ஆனால் விசேஷ நாட்களில் மூட்டை மூட்டையாகப் பொரியும் சோறும் மாலைகளும் தேங்கிய நீரில் விழுந்து அழுகும்போது, அந்த அழுகல் பாசிக்கு எருவாகிறது. பாசி பெருகிப் பச்சைக் குழம்பாக நீரை மூடுகிறது. பகலில் வெயிலைக் கொண்டு பிராணவாயுவை வெளியிடும் அதே பாசி, இரவில் குளத்தின் பிற உயிர்களோடு போட்டியிட்டு அந்த வாயுவை இழுத்துக்கொள்கிறது. அதனால்தான் விடியுமுன் மீன்கள் வாயைத் திறந்துகொண்டு நீர்மட்டத்துக்கு வந்து தவிக்கின்றன. அவை பொரி கேட்பதாக நினைத்து நாம் மேலும் போடுகிறோம். தமிழ்நாட்டுக் கோயில் குளம் ஒன்று ஓயாமல் பச்சைப் பாசி மண்டிக் கிடப்பதை எஸ்.வி. கணபதி என்ற விஞ்ஞானி ஆராய்ந்து 1940-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சஞ்சிகையில் கட்டுரை எழுதினார். எண்பது ஆண்டுகள் கடந்தும் அந்த அறிவு படித்துறையில் பொரி விற்கும் இடம்வரை வந்து சேரவில்லை என்பது வருந்தத்தக்கது.

இதைவிடக் கடினமான சிக்கல் ஒன்று இருக்கிறது. துன்பங்கள் பலவற்றுள் பசியையும் கொலையையும் தனியே பிரித்து, இவ்விரண்டையும் நீக்குவதே மேலான ஜீவகாருண்யம் என்று வள்ளலார் வைத்தார். 1867-ஆம் வருஷம் வைகாசி மாதத்தில் வடலூரில் தருமசாலையைத் தொடங்கியது அந்தக் கொள்கையின் செயல்வடிவம். மனித சமூகத்தில் இவ்விரண்டும் வேறு வேறு. ஒருவனுடைய பசியை ஆற்ற மற்றொருவனைக் கொல்ல வேண்டியதில்லை, தானியம் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. குளத்திலோ இவ்விரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்கள். தட்டானின் புழு தலைப்பிரட்டையைக் கவ்வுகிறது. அந்தப் புழுவை விரால் விழுங்குகிறது. விராலை நீர்க்காகம் கொண்டுபோகிறது. அமெரிக்காவில் லிண்டெமன் என்ற இளைஞர், சிறிய ஏரி ஒன்றை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, சூரியனிடமிருந்து பாசி பெறும் சக்தி ஒவ்வொரு வாய்க்கும் மாறும்போது எவ்வளவு குறைந்துபோகிறது என்று கணக்கிட்டார். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்குச் செல்லும் என்று இன்று பாடப்புத்தகங்கள் சொல்வதற்கு மூலம் அவர்தான். அந்தக் கணக்கை விவரித்த அவருடைய கட்டுரை 1942-ல் அச்சேறியபோது அவர் உயிரோடில்லை; இறக்கும்போது அவருக்கு வயது இருபத்தாறு. சூழலியல் என்று நாம் இன்று பெயரிட்டு அழைக்கும் சாஸ்திரம் அடிப்படையில் பசியின் கணக்கு. கருணையே வடிவான இறைவன் இந்தக் கணக்கை ஏன் வகுத்தான்?

ஸ்டீபன் ஃபோர்ப்ஸ் என்ற விஞ்ஞானி 1887-ல், ஏரியைத் தன்னளவில் முழுமையான ஒரு சிற்றுலகம் என்று வர்ணித்து எழுதிய கட்டுரையில் இதற்கு ஒருவகை விடை தேடினார். உண்பதும் உண்ணப்படுவதும் பகைபோலத் தோன்றினாலும் இரண்டின் நலமும் பிணைந்தே கிடக்கின்றன. உண்பது அளவு மீறினால் தன் இரையை அழித்துத் தானும் அழியும். ஆகவே குரூரமான போராட்டத்திலிருந்தே ஒரு சமநிலை பிறந்து எல்லாவற்றையும் காக்கிறது என்றார். அண்டமும் பிண்டமும் ஒன்றென்று பழகிய நமக்கு இந்த விடை உவப்பாயிருக்கும். ஆயினும் என் மனம் இதில் முழுவதும் ஆறுதலடையவில்லை. இனம் காக்கப்படுகிறது, மெய்தான். கவ்வப்பட்ட அந்த ஒரு தலைப்பிரட்டைக்கு இனம் காக்கப்படுவதால் என்ன ஆறுதல்? சமநிலை என்ற சொல்லால் ஒரு ஜீவனுடைய வேதனையை மூடிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

இந்த இடத்தில் வள்ளலாருடைய நூலில் வரும் ஒரு வேறுபாடு எனக்கு வழிகாட்டுகிறது. காட்டிலும் நீரிலும் தாமே திரியும் உயிர்களுக்கு அவற்றின் ஊழ்வகையால் அருள் நியதியின்படி ஆகாரம் கிடைக்கும் என்றும், ஆனால் தாம் வளர்க்கும் உயிர்களின் பசியை நீக்குவது வளர்ப்பவர்களின் கடமை என்றும் அவர் கொள்கிறார். தட்டான் புழுவுக்கும் தலைப்பிரட்டைக்கும் இடையே நாம் புகுந்து நியாயம் தீர்க்க வேண்டியதில்லை. அது நம் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது. ஆனால் அந்தக் குளம் யாருடையது? ஃபோர்ப்ஸும் லிண்டெமனும் ஆராய்ந்தவை இயற்கை தானே உண்டாக்கிய ஏரிகள். நம் நாட்டுக் குளம் அப்படியன்று. மண்ணை வெட்டிக் கரை போட்டவன் மனிதன். மதகு வைத்தவன் மனிதன். வாய்க்கால் இழுத்து நீரை வரவழைத்தவன் மனிதன். பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்தில் அவன் விருதுப்பெயரால் வெட்டிய வீராணம் முதல், சிதம்பரம் கோயிலின் சிவகங்கைத் தீர்த்தம், பெயரில்லாத கிராமத்துக் குட்டை ஈறாக, இந்த ஜில்லாவின் நீர்நிலைகளில் பெரும்பாலானவை மனிதன் கை பட்டவை. நாம் அழைத்த நீரில் வந்து குடியேறிய உயிர்கள் அவை. தொழுவத்து மாட்டுக்கும் முற்றத்துத் துளசிக்கும் நாம் எப்படிக் கடமைப்பட்டவர்களோ, அப்படியே குளத்து நத்தைக்கும் கடமைப்பட்டவர்கள் என்று நான் துணிந்து சொல்வேன். அந்தக் கடமை சோறிடுவதன்று; வரவேண்டிய நீரை மறிக்காமலும், வரக்கூடாத கழிவை விடாமலும், அளவு மீறிய எருவை வயலிலிருந்து வழியவிடாமலும் இருப்பது. உண்பதற்கும் உண்ணப்படுவதற்கும் உள்ள பழைய ஒழுங்கை அருள் நியதிக்கு விட்டுவிடலாம். அந்த ஒழுங்கு நிற்கும் தரையை உடைக்கும் பாவம் நம்முடையது.

ஃபார்மலின் குப்பிக்கு வருகிறேன். கொல்லாமல் விஞ்ஞானமே இல்லை என்று சொல்பவர்களிடம் நியாயம் இல்லாமலில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராயிருந்து, பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் முகத்துவாரத்தருகே கடல் உயிரியல் ஆய்வு நிலையத்துக்கு வித்திட்ட ஆர்.வி. சேஷய்யா, 1930-களில் நன்னீர் நத்தைகளின் உள்ளுறுப்புக்களை விவரித்து எழுதினார். அறுத்துப் பார்க்காமல் அந்தக் கட்டுரைகள் பிறந்திரா. அவற்றைப் படித்தவர்களுக்கெல்லாம் அதே நத்தையை மீண்டும் அறுக்க வேண்டிய அவசியம் குறைந்தது என்பதும் மெய். புதிய அறிவுக்காக, தகுதியுள்ளவர் ஒருவர், வேறு வழியில்லாதபோது, எண்ணி எடுக்கும் உயிருக்கு அந்த அறிவு ஒருவகையில் கடன்பட்டிருக்கிறது. கடன் என்ற நினைவோடு எடுப்பவரை நான் குறை கூறமாட்டேன். ஆனால் ஏற்கெனவே நூறு புத்தகங்களில் படம் போட்டு விளக்கப்பட்டிருப்பதை, ஒவ்வோர் ஆண்டும், ஒவ்வொரு வகுப்பும், பயிற்சி ஏட்டில் ஒரு மதிப்பெண்ணுக்காகக் கொன்று பார்ப்பதற்கு இந்த நியாயம் பொருந்தாது. 2014-ல் பல்கலைக்கழக மானியக் குழு, விலங்கியல் வகுப்புகளில் உயிர்களை அறுக்கும் பழக்கத்தைக் கைவிடும்படி பணித்தது. தவளைக்கும் எலிக்கும் கிடைத்த அந்த அபயம், குப்பிக்குள் அடங்கும் சிற்றுயிர்களுக்கு இன்னும் பழக்கத்தில் வரவில்லை. உயிரோடு பார்த்து, வரைந்து, எண்ணி, திரும்ப அதே குளத்தில் விடுவது மாணவர் பயிற்சிக்குப் போதுமானது; சமண முனிவர்களின் விதியே அதற்குப் போதுமான விதி. அதனால் படிப்பும் குறைவதில்லை. அசையும் உயிரை வரைய வேண்டிய மாணவன், அசையாததை வரைபவனைக் காட்டிலும் பொறுமையாகப் பார்க்கப் பழகுகிறான்.

பார்வையைப் பற்றி மெய்கண்டார் உணர்த்தியதை இந்த மாணவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு. அவர் பிறந்த திருப்பெண்ணாகடமும் இந்த ஜில்லாவைச் சேர்ந்ததே. ஆன்மா எதைச் சார்கிறதோ அதன் தன்மையாகவே ஆகிவிடும் இயல்புடையது என்பது சைவ சித்தாந்தம். மலத்தைச் சார்ந்து, தன்னையும் அறியாமல் பிறவற்றையும் அறியாமல், செயலற்று மறைந்து கிடக்கும் ஆன்மாவின் நிலையைக் கேவலாவத்தை என்பார்கள். கோடையில் வற்றிய குளத்தின் சேற்றைத் தோண்டிப் பார்த்த மாணவனுக்கு இந்த அவத்தை விளங்குவது கடினமன்று. அங்கே நத்தை தன் ஓட்டின் வாயை மூடியால் இறுக அடைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் உண்ணாமல் கிடக்கிறது. தெள்ளுப்பூச்சிகளின் முட்டைகள் தடித்த உறைக்குள், உயிர் இருக்கிறதா இல்லையா என்று ஐயுறும்படி அடங்கியிருக்கின்றன. பாசியின் வித்துக்களும் அந்தச் சேற்றில்தான். கத்திரி வெயிலில் வெடித்த அந்தத் தரையைக் கடந்து போகிறவன், குளம் செத்துவிட்டது என்று நினைப்பான். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கி, நீர் நிரம்பிச் சில நாட்களுக்குள் அந்தச் சேறே தெள்ளுப்பூச்சியாகவும் நத்தையாகவும் எழுந்து நடமாடும். அருள் என்பது வெளியிலிருந்து வரவேண்டும், ஆனால் அது எழுப்புவதற்கு உள்ளே ஓர் உயிர் அழியாமல் காத்திருக்க வேண்டும் என்ற சித்தாந்தக் கருத்துக்கு இதைக் காட்டிலும் கண்கூடான பிரமாணம் எனக்குத் தெரியவில்லை.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2017-ல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரைத் திரும்ப எடுத்து, ஏரி குளங்களைத் தூர்வாரும் பணிக்கு உயிர் கொடுத்தது. நல்ல காரியம், நம் குளங்கள் தூர்ந்துபோனதால் பட்ட கஷ்டம் கொஞ்சமன்று. ஆனால் தூர்வாருவது கோடையில், அதாவது அத்தனை உயிர்களும் சேற்றுக்குள் உறங்கும் பருவத்தில்தான் நடக்கிறது. பொக்லைன் எந்திரம் ஒரே வாரத்தில் குளத்தின் அடிமண் முழுவதையும் வழித்து லாரியில் ஏற்றிவிட்டால், வண்டலோடு அந்தக் குளத்தின் வருங்கால உயிர்க்கூட்டமும் வயல்களுக்கும் செங்கல் சூளைகளுக்கும் போய்விடுகிறது. மறு மழையில் குளம் நிரம்பும். நீர் தெளிவாகவும் இருக்கும். அதில் எழுந்து வருவதற்கு முன்போல் உயிர் இராது.

எனவே கடலூர் ஜில்லாவின் ஊராட்சிகளையும், தூர்வாரும் பணியை மேற்பார்வை செய்யும் அதிகாரிகளையும் நான் கேட்டுக்கொள்வது இது. குளம் முழுவதையும் ஒரே கோடையில் வாராதீர்கள்; ஆழமான ஓரிடத்தில் ஒரு பாகத்தையேனும் மண் தொடாமல் விட்டுவைத்து, அடுத்த வருஷம் அதை வாருங்கள். எந்தப் பாகத்தை விடுவது என்று தெரியாவிட்டால், அந்த ஊர்ப் பள்ளியிலோ கல்லூரியிலோ கோடைப் பயிற்சியில் அந்தக் குளத்தைப் பார்த்துக் குறிப்பெழுதிய மாணவர்களைக் கூப்பிட்டு, அவர்களுடைய நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.